அரையிறுதி

ஐஸ் ஃபேக்டரியில் கேப்டன் உட்காரும் நாற்காலிக்குக் கை கிடையாது. கை வைத்த நாற்காலி வாங்கிப் போடுகிறேன் என்று தம்பி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். வேண்டாம் என்றுவிட்டார். கை இருந்தால் அதைப் பிடித்துச் சுலபமாக எழுந்துவிடலாம். கை இல்லாத நாற்காலியிலிருந்து எழ வேண்டுமானால் ஊன்றுகோலைத் தேட வேண்டும், மேசை விளிம்பைப் பிடிக்க வேண்டும், ஒருமுறை முனக வேண்டும். அந்த முனகல் தொட்டிப் பக்கம் வேலை செய்யும் தம்பியின் காதில் விழ வேண்டும். அதற்காகத்தான்.

கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் இல்லை. ரயிலடி கிளப்பின் ஃபுட்பால் கேப்டன். சுற்று வட்டாரத்துக் கிளப்புகளுக்கெல்லாம் சேர்த்து வருஷா வருஷம் ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். நாக் அவுட். இன்றைக்குத் தோற்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற சமாதானமெல்லாம் அதில் கிடையாது. தோற்றவன் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஜெயித்தவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக எண்ணெய் தேய்த்துக் காலை நீவிக்கொள்ளலாம். மைதானத்துக்கு ஒரு பக்கம் ஆலைச் சுவர், மறு பக்கம் ரயில் பெட்டி பழுதுபார்க்கும் கொட்டகை. சுவரிலும் கூரையிலும் ஆட்கள் தொற்றிக்கொண்டு நிற்பார்கள். மழை பெய்திருந்தால் கோல் போஸ்டுக்கு முன்னால் கணுக்கால் வரை சேறு.

கடைசியாக நடந்த வருஷம் அரையிறுதியில் ரயிலடி கிளப்பும் ஆலைக் கிளப்பும் மோதின. ரயிலடிக்குக் கேப்டன் அண்ணன். ஆலைக் கிளப்பின் தடுப்பு ஆட்டக்காரன் தம்பி. ஊர் அவனைச் சின்னவன் என்றுதான் சொல்லும். ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்த இரண்டு பேர் எதிரெதிரே நிற்பதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வந்திருந்தது.

சின்னவனும் முதலில் ரயிலடியில்தான் ஆடினான். முந்தைய வருஷம் ஒரு ஆட்டத்துக்கு முன்னால், எல்லோரும் ஷூ கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கேப்டன் அவன் எதிரே வந்து நின்று ஜெர்சியைக் கழற்றச் சொன்னார். கழற்றியதை வாங்கி வேறொருவனிடம் கொடுத்தார். அம்மா கெஞ்சியதால்தான் இத்தனை நாள் உன்னை வைத்திருந்தேன் என்றும் சொன்னார். டீமே பார்த்துக்கொண்டிருக்க வெற்று உடம்போடு வெளியே போனவன், அடுத்த வாரமே ஆலைக் கிளப்பில் சேர்ந்துவிட்டான். கேப்டனைக் கேட்டால் அது ஒரு விஷயமே இல்லை என்பார். ஆட்டம் சரியில்லை, உட்கார வைத்தேன், அவ்வளவுதான்.

அரையிறுதியில் இரண்டு பக்கமும் ஒரு கோல் விழுந்திருந்தது. கேப்டன் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓரமாக ஓடினார். எதிரே தம்பி வந்தான். பந்து ஒரு பக்கம் உருண்டது. கேப்டனின் இடது முட்டி இன்னொரு பக்கம் திரும்பியது. அந்தச் சத்தம் கொட்டகைக் கூரை வரைக்கும் கேட்டது என்று இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். சேற்றில் கிடந்தபடியே கேப்டன் பார்த்தார். தம்பி சற்றுத் தள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். கிட்ட வரவில்லை. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை எடுக்கப் போனான்.

அதற்குள் கூட்டம் மைதானத்தில் இறங்கிவிட்டது. கல் பறந்தது, சைக்கிள் செயின் பறந்தது. ஆட்டம் முடியவே இல்லை. கோப்பைக் கமிட்டிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து கேப்டனின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பந்துக்குப் போனபோது கால் பட்டுவிட்டது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு கிளப்பையும் சமாதானப்படுத்தி ஆட்டத்தைத் திரும்ப வைத்துவிடுவோம் என்றார்கள். கேப்டன் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார். அவன் பந்தைப் பார்க்கவே இல்லை, என் முட்டியைத்தான் பார்த்தான் என்றார். ஆலைக் கிளப்புக்குத் தடை விழுந்தது. அந்தக் கோபத்தில் அதோடு சேர்ந்த கிளப்புகளும் விலகின. அடுத்த வருஷம் நாலு டீம்கூடத் தேறவில்லை. அதற்கப்புறம் கோப்பையின் பேச்சே இல்லை. சின்னவன் அண்ணன் காலை மட்டுமா உடைத்தான், கோப்பையையே உடைத்துவிட்டானே என்று ஊர் பேசியது. டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து போனான். கட்டிலில் படுத்துக்கொண்டு கேப்டன் இதையெல்லாம் ஒன்று விடாமல் விசாரித்துத் தெரிந்துகொண்டார். வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைவிட அது நன்றாக வேலை செய்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். முட்டி ஆறிவிட்டது. ஒரேயடியாக ஆறிவிடவில்லை. முதல் இரண்டு வருஷம் நிஜமாகவே நொண்டினார். அப்புறம் வீக்கம் வடிந்தது, மடக்கினால் மடங்கியது, ஊன்றினால் தாங்கியது. இனி ஓட முடியாது, ஆனால் நடக்கலாம், மாடி ஏறலாம், மூட்டை தூக்கலாம். இது கேப்டனுக்கு மட்டும் தெரியும். வீட்டில் ஆள் இல்லாத நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கோல் இல்லாமல் நடந்து பார்ப்பார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் கோல் கைக்கு வந்துவிடும்.

ஏன் என்று கேட்டால் அவரிடம் தெளிவான பதில் இருந்தது. தம்பி இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. கமிட்டி கேட்டபோதும், சாகப்போகிற நேரத்தில் அம்மா கேட்டபோதும், பந்துக்குத்தான் போனேன் என்றே சொன்னான். ஒத்துக்கொள்ளாதவனை எப்படி விடுவது? நொண்டி அண்ணனை வீட்டில் வைத்துக் காப்பாற்றட்டும். ஊர் பார்க்கட்டும். கல்யாணப் பேச்சு வந்தபோதும் அதனால்தான் மறுத்தார். தனக்கென்று ஒருத்தி வந்துவிட்டால் தம்பிக்கு விடுதலை கிடைத்துவிடும். அந்த விடுதலையைத் தருவதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

தம்பிக்குக் கல்யாணமான மறுநாளே புதுப்பெண்ணிடம் அவர் கேட்டது முட்டிக்கு வெந்நீர். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அவள் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். கணவனின் அண்ணனை மாமா என்று கூப்பிடுவாள். அதிகம் பேச மாட்டாள். தம்பி சாப்பிட உட்காருகிற நேரம் பார்த்துத்தான் கேப்டனுக்கு ஏதாவது தேவைப்படும். தலையணை, தண்ணீர், ஜன்னலைச் சாத்துவது. சோறு பிசைந்த கையோடு தம்பி எழுந்து வருவான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுவே கேப்டனுக்கு எரிச்சலாக இருக்கும். முகம் சுளிக்காதவன் குற்றவாளிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

ஐஸ் ஃபேக்டரியைச் சின்னவன் குத்தகைக்கு எடுத்திருந்தான். வீடு அதன் பின்னாலேயே. உள்ளே ஒரு பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் மரப் பலகைகள். பலகையைத் தூக்கினால் தண்ணீர் நிரப்பிய தகர டின்கள் வரிசையாக உப்புத்தண்ணீருக்குள் நிற்கும். உறைந்ததும் சங்கிலி போட்டு ஒரு வரிசையை மேலே தூக்கி, பக்கத்திலுள்ள சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை முக்கிச் சாய்த்தால், ஐஸ் பாளம் வழுக்கிக்கொண்டு சரிவில் இறங்கும். கீழே மேடையில் நிற்பவன் இரும்புக் கொக்கியைப் போட்டு இழுத்து லாரிக்குத் தள்ள வேண்டும். ஒவ்வொரு பாளமும் ஒரு ஆள் கனம் இருக்கும். அம்மோனியா நெடியில் கண் எரியும். கை மரத்துப் போனால் கொக்கி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படகுகள் மீனோடு வந்துவிட்டால் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். கேப்டனின் வேலை ஜன்னலோரம் உட்கார்ந்து லாரிக்காரர்களுக்கு டோக்கன் கொடுப்பது.

அந்த வருஷம் சின்னவனுக்கு முதுகு போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் கூலியாட்கள் இரண்டு பேரில் ஒருவன் லாரி ஓட்டப் போய்விட்டான், இன்னொருவன் வருகிற நாள் வருவான், வராத நாள் வரமாட்டான். இடுப்பில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு சின்னவனே மேடையில் நின்றான்.

அப்போதுதான் ஒருநாள் ஏலக்காரர் அந்தப் பேச்சை எடுத்தார். மீன் மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். அந்தக் காலத்தில் கோப்பைக் கமிட்டியில் இருந்தவர். கேப்டனின் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் இன்றைக்கு மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். ஐஸ் வாங்க வந்தவர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"சின்னப் பசங்க எட்டு டீம் சேத்துட்டாங்க, கேப்டன். கோப்பைய மறுபடி நடத்தணுமாம். கோப்பை எங்க வீட்டுப் பரண்லதான் கெடக்கு, தேய்ச்சா பளபளன்னு வந்துடும். ஆனா ரெண்டு பக்கத்துப் பெருசுங்களும் பழசப் புடிச்சுத் தொங்கறாங்க. நீங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே மேடையில நின்னு கோப்பையத் தூக்கிக் காட்டிட்டா எல்லாம் அடங்கிடும்."

கேப்டன் டோக்கன் கட்டை ஓரமாக வைத்தார். எவ்வளவோ காலமாக இப்படி ஒரு மேடைக்குத்தான் அவர் காத்திருந்தார்.

"நான் வரேன். ஒண்ணே ஒண்ணுதான். மைக்க முதல்ல அவன் கையில குடுங்க. வேணும்னுதான் அடிச்சேன்னு அவன் வாயால சொல்லட்டும். சொன்ன அடுத்த நிமிஷம் நான் கோப்பையத் தூக்கறேன்."

ஏலக்காரர் ஐஸ் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சின்னவன் கொக்கியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"பந்துக்குத்தாங்க போனேன்" என்றான். எப்போதும் சொல்கிற அதே குரல். சொல்லிவிட்டு அடுத்த பாளத்தை இழுக்கப் போனான்.

யோசித்துச் சொல்லுங்கள், பசங்கள் ஆசைப்படுகிறார்கள் என்று ஏலக்காரர் கிளம்பினார். கேப்டனுக்கு அன்றைக்கு முழுக்க மனசு குளிர்ந்து கிடந்தது. கோப்பை வேண்டுமென்றால் ஊரே இனி தம்பியைப் போட்டு நெருக்கும். டீக்கடையில் நெருக்கும், மார்க்கெட்டில் நெருக்கும். எத்தனை நாள் தாங்குவான், பார்க்கலாம்.

மத்தியானம் சோறும் வறுத்த மீனும் வைத்தபடியே தம்பி மனைவி பேச்சை ஆரம்பித்தாள். இது அபூர்வம்.

"மாமா, அவருக்கு முதுகு சுத்தமா முடியல. நைட்டெல்லாம் பொரண்டுகூடப் படுக்க முடியாமக் கெடக்கறார். இந்த நேரத்துல மேடை, மைக்குன்னு அவரப் போட்டு இழுக்காதீங்க."

"நான் யாரம்மா இழுக்கப் போறேன்? நடக்கவே வக்கில்லாதவன்."

அவள் மேசைக்கு அடியில் தெரிந்த அவருடைய காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டுப் போனாள்.

அது நடந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் படகுகள் ஏராளமான மீனோடு வந்துவிட்டன. லாரிகள் தெருமுனை வரை நின்றன. மிச்சமிருந்த அந்த ஒரு கூலியாள் அன்றைக்கும் வரவில்லை. சங்கிலியை இழுப்பதும் சின்னவன், கீழே ஓடிவந்து கொக்கி போடுவதும் சின்னவன். ஒரு பாளத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது அவன் முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே மடங்கி ஈர மேடையில் உட்கார்ந்தான். சரிவில் பாதியில் நின்றிருந்த அடுத்த பாளம் அசைந்தது. அது மெதுவாகத்தான் வந்தது. வந்து அவன் தொடைமேல் ஏறி அவனைச் சுவரோடு வைத்து அழுத்தியது.

"அண்ணே" என்றான். கத்தக்கூட இல்லை. மூச்சு வரவில்லை.

கேப்டனுக்கும் மேடைக்கும் நடுவே ஜன்னல் கண்ணாடி ஒன்றுதான். கேப்டன் எழுந்துவிட்டார். கோலைத் தேடவில்லை, மேசையைப் பிடிக்கவில்லை, முனகவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நேராக நின்றார். கதவைத் திறந்தால் நாலு எட்டு. கொக்கி அங்கேயே கிடந்தது. பாளத்தை ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

அப்போது தம்பியின் முகம் தெரிந்தது. ஈரத்தில் கிடந்துகொண்டு தன்னையே பார்க்கிற முகம். தானும் இப்படித்தான் ஒருநாள் கிடந்தோம் என்பது கேப்டனுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அது எங்கே போயிற்று திரும்பி வருவதற்கு? அன்றைக்கு இவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். கிட்ட வரவில்லை.

கேப்டன் உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, பார்த்தார்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. ஒரு லாரியின் கிளீனர் மேடைக்குத் தாவி ஏறிப் பாளத்தைத் தள்ளினான். அதற்குள் பின்கதவு வழியாக டீயோடு வந்த தம்பி மனைவி டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கணவனைத் தூக்கி லாரியில் ஏற்றும்போது அவள் ஒருமுறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே கேப்டனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஓடிவந்தது இப்போதுதான். ஆனால் பின்கதவில் வந்து நின்றது முன்னாலேயே. அங்கிருந்து மேடைத் தரை தெரியாது, ஜன்னல்தான் தெரியும். அவர் எழுந்ததையும் பார்த்திருக்கிறாள், உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறாள்.

எலும்பு முறியவில்லை. தொடை கறுத்து வீங்கியிருந்தது. முதுகுதான் மோசம். மாசக்கணக்கில் படுக்கை, இனி ஜன்மத்துக்கும் பாரம் தூக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்கெல்லாம் சின்னவன் வீட்டு முன்னறைக் கட்டிலில் கிடந்தான்.

கேப்டன் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பார்க்க வேண்டும் போல இருந்தது. கோலைத் தட்டிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார்.

"வலிக்குதா?" என்று கேட்டார். அதை அவர் கேட்ட விதத்தில் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

சின்னவன் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முட்டி உடைந்த நாளிலிருந்து அவன் அண்ணனை நீங்க, வாங்க என்றுதான் பேசுவான். அதற்கு முன்னால், ஒன்றாகப் பந்தாடிய காலத்தில், நீ என்பான். இப்போது பழைய மாதிரியே பேசினான்.

"வேணும்னுதான் அடிச்சேன். போதுமா?"

கேப்டனுக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

"பந்து எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. உன் முட்டிய மட்டும்தான் பாத்துட்டு வந்தேன். அத்தனை பேர் முன்னாடி சட்டையக் கழட்ட வெச்சல்ல, அதுக்கு. ஒரு மாசம் நொண்டுவ, அந்த வருஷக் கோப்பைய வீட்ல உக்காந்து பாப்பன்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன். சத்தம் கேட்டப்பதான் தப்பாப் போச்சுன்னு தெரிஞ்சுது. காலே வரல, உன் கிட்ட வர்றதுக்கு."

"இதச் சொல்றதுக்கு இத்தனை வருஷமாடா?"

"சொன்னா அம்மா தாங்காதுன்னு அப்பச் சொல்லல. அப்புறம் சொல்லவே பயம். சொல்லாததுக்குப் பதிலா செஞ்சேன். நீ கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் எழுந்து வந்தேன். எழுந்து எழுந்து வந்தேன். இன்னும் பாக்கி இருக்கு, இன்னும் பாக்கி இருக்குன்னு தோணிட்டே இருந்துச்சு." அவன் மூச்சு வாங்கினான். "இன்னைக்கு நீ எழுந்து நின்னதப் பாத்தேன். கம்பு இல்லாம நின்ன. அப்பா, அண்ணனுக்குக் கால் வந்துடுச்சுன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அப்புறம் உக்காந்த. அப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு."

"நிம்மதியா?"

"ஆமா. இனிமே உனக்கு நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்லன்னு."

கேப்டன் எத்தனை தடவை அந்த வாக்கியத்தை மனசுக்குள் கேட்டிருப்பார்! வேணும்னுதான் அடிச்சேன். அதைக் கேட்கும்போது தம்பி அழுவான், காலில் விழுவான், தான் ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வோம் என்றெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தார். இப்போது அது வந்தேவிட்டது. சொன்னவன் அழவில்லை. கறுத்த தொடையோடு கண்ணை மூடிக்கொண்டு, சுமையை இறக்கி வைத்தவன் மாதிரி படுத்திருந்தான். கேப்டனுக்கு அவனை எழுப்பி, இரு, இன்னும் முடியவில்லை என்று சொல்ல வேண்டும் போல ஆத்திரம் வந்தது. என்ன சொல்லி எழுப்புவது என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து தம்பி மனைவி வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் சத்தம் போடவில்லை.

"அவர் உங்களுக்கு என்ன பண்ணாரோ, நீங்க அவருக்கு என்ன பண்ணீங்களோ, அது உங்க ரெண்டு பேரோட வம்பு. நான் என்ன மாமா பண்ணேன்? நான் அந்தக் கிரவுண்டுப் பக்கமே போனதில்ல. கல்யாணமாகி வந்த மறுநாள்லேர்ந்து வெந்நீர் வெக்கறேன். உங்க செருப்ப வாங்கறதும் நான்தான். ரெண்டும் ஒண்ணு போலவே தேயுது. கால இழுத்து நடக்கறவருக்கு எப்படித் தேயும்னு எனக்குத் தெரியாதா? நான் வந்த ரெண்டாவது வருஷமே தெரியும்."

"தெரிஞ்சு ஏன் சும்மா இருந்த?"

"இவர்கிட்ட சொன்னா இவர் நம்ப மாட்டார். உங்ககிட்ட கேட்டா நீங்க ஊரக் கூட்டி ஒப்பாரி வெப்பீங்க. போவுது, வயசானா தானா ஒருநாள் கம்பக் கீழ வெச்சுடுவார்னு பாத்தேன். இன்னைக்குக் கீழதான் வெச்சீங்க. வெச்சுட்டு மறுபடியும் உக்காந்தீங்க."

நான் எங்கேயாவது போய்விடுகிறேன் என்றார் கேப்டன்.

"எங்க போவீங்க? நொண்டிய வீட்ட விட்டுத் தொரத்திட்டாங்கன்னு ஊர் பேசணும். அதையும் இவர் தலையில கட்டணும். அதானே? ஒரு எடத்துக்கும் போக வேணாம். நாளைக்குக் காலையில கொக்கி புடிக்க ஆள் இல்ல. நீங்கதான் புடிக்கணும். கம்பு இல்லாம, மேடையில நின்னு, எல்லா லாரிக்காரனும் பாக்கப் புடிக்கணும்."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா ஃபேக்டரிய மூடிட்டுப் பட்டினி கெடப்போம். நீங்களும் சேத்துத்தான்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கொடுக்காமல் இருக்க முடியும் என்று தோன்றவில்லை. கோலைக் கொடுத்தார். அவள் அதைக் கொல்லைப்புறத்து அடுப்புக்கு எடுத்துப் போனாள். புருஷன் முதுகுக்கு ஒத்தடம் கொடுக்க அங்கே தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வைரம் பாய்ந்த கோல். அடுப்புக்குள் பாதியும் வெளியே பாதியுமாகச் சாயங்காலம் வரைக்கும் எரிந்தது.

மறுநாள் காலை கேப்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃபேக்டரியின் பின்கதவு வழியாக மேடைக்கு வந்தார். தொட்டிப் பக்கம் சங்கிலியை இழுக்கத் தம்பி மனைவியே நின்றாள். முதல் பாளம் சரிவில் இறங்கியது. அவர் கொக்கியைப் போட்டு இழுத்தார். கை வழுக்கியது, பாளம் கோணிக்கொண்டு நின்றது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது வந்தபோது இடுப்பும் தோளும் என்ன செய்ய வேண்டும் என்று தாமாகக் கண்டுகொண்டன. இடது காலை ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் அதில் போட்டு இழுத்தார். முட்டி தாங்கியது. வெட்கத்துக்கு நடுவிலும் உடம்பு ஒரு சந்தோஷம் பட்டது. அதை அவரால் மறைக்க முடியவில்லை.

லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் இறங்கி வந்து பார்த்தான். பிறகு இன்னொருவன். மேடையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. மீன் கூடைக்காரி ஒருத்தி தன் பக்கத்தில் நின்றவளிடம், இவருக்காகத்தானே நான் சின்னவன் மூஞ்சியில்கூட முழிக்காமல் இருந்தேன் என்றாள். அது கேப்டனுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது போலிருந்தது.

ஏலக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கேப்டனின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"நடக்கறீங்க" என்றார்.

"நடக்கறேன்."

"எத்தனை நாளா?"

கேப்டன் கொக்கியைக் கை மாற்றிப் பிடித்தார்.

"சரி, அது போகட்டும். ஆஸ்பத்திரியில கேட்டதையே கேக்கறேன். அன்னைக்கு அவன் வேணும்னு அடிச்சானா, இல்லையா?"

பின்கதவு திறந்திருந்தது. அதற்கு நேராக வீட்டு முன்னறை. கட்டிலில் கிடப்பவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். கேப்டனுக்கு இப்போது உண்மை தெரியும். ஊரே கூடி நிற்கிறது. மேடையும் கிடைத்துவிட்டது. மைக் ஒன்றுதான் இல்லை. எத்தனை வருஷக் காத்திருப்பு. சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் நிமிர்ந்து நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது என்பது, சொல்ல வாயெடுத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

"வேணும்னுதான் அடிச்சான்" என்றார். "நானும் வேணும்னுதான் உக்காந்தேன்."

ஏலக்காரர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அப்ப கோப்பைய நாங்கதான், உங்க நொண்டிக் கால நம்பி நம்பிச் சாகடிச்சோம்" என்றார். "எட்டு டீம் பசங்ககிட்ட நான் என்னத்தச் சொல்றது? அது பரண்லயே கெடக்கட்டும்."

தன் பங்கு ஐஸை லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். கூட்டம் கலைந்தது. கலைகிறபோது யாரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டு விடைபெறவில்லை. ஒரு கிளீனர் பையன், ஐயா, சீக்கிரம் தள்ளுங்க, மீன் கெட்டுப்போகுது என்றான்.

தொட்டிப் பக்கமிருந்து, அடுத்தது வருது, நின்னு பேசாதீங்க என்று தம்பி மனைவியின் குரல் வந்தது. அதில் நேற்றைக்கு இருந்த கடுமையில் ஒரு துளிகூடக் குறையவில்லை. பாளம் இறங்கியது. அவர் குனிந்து கொக்கியை மேலே போட்டார். ஐஸ் சில்லு தெறித்ததே தவிரப் பாளம் நகரவில்லை.

"கீழ போடணும்" என்று முன்னறையிலிருந்து சின்னவன் சொன்னான். கொக்கி விழுந்த சத்தத்தை வைத்தே அவனுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்குத் தெரியும்டா."

"தெரியாது. இது பந்து இல்ல. அடியில போட்டு உன் பக்கமா இழு. முதுக வளைக்காத."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். லாரி ஹாரன் அடித்தது. கொக்கியை எடுத்து, அவன் சொன்ன இடத்தில் போட்டார். பாளம் நகர்ந்து வந்தது.